மூன்றாம் வரிசை ஓர நாற்காலி

ஃபூ டீச்சர் கரும்பலகையில் அந்த ஆங்கிலச் சொல்லை எழுதி, அடியில் அழுத்தமாக இரண்டு கோடு போட்டார். ஆட்டோனமி.

"யாராவது சொல்லுங்க பாப்போம். என்ன அர்த்தம்?"

கடைசி பெஞ்சிலிருந்து காவ் யாங் எழுந்தான். வகுப்பைச் சிரிக்க வைக்கவென்றே பிறந்த பையன். "ஆட்டோமேட்டிக் மாதிரி ஏதோ ஒண்ணு டீச்சர். யாரும் தொடாமலே தானா ஓடும்."

"இந்த வகுப்புல யாரும் தொடாம ஓடுறது உன் வாய் ஒண்ணுதான். உக்காருடா."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்தார். நல்ல மனநிலையில் இருந்தார் அன்றைக்கு. நம்ம சீன மொழியில் இதற்கு இரண்டு சொல் உண்டு என்று விளக்கினார். ஒரு பிரதேசம் தன்னைத் தானே ஆள்வது ஒன்று, அது செய்தியில் வருவது. ஒரு ஆள் தன் காரியத்துக்குத் தானே எஜமானாக இருப்பது இன்னொன்று, அதுதான் பரீட்சைக்கு வருவது.

"நம்ம பிள்ளைங்க எல்லாரும் பண்ற தப்பு என்ன தெரியுமா? இதுக்குக் கட்டுப்பாடுன்னு அர்த்தம் எழுதிட்டு வந்து நிக்கிறாங்க. சொன்னபடி ஒழுங்கா இருக்கறதுக்குப் பேருதான் கட்டுப்பாடு. அது வேற, இது வேற. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்" என்று ஐம்பத்திரண்டு பேரும் ஒரே குரலில், ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"வாக்கியத்துல வைக்கும்போது 'கொடு'ங்கற வினை இதோட நல்லா ஒட்டும். 'ஆசிரியர் மாணவர்களுக்குத் தன்னாட்சி கொடுக்கிறார்.' எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். தனக்குத் தானே எஜமானாக இருப்பதை இன்னொருத்தர் எப்படித் தூக்கிக் கொடுக்க முடியும் என்று ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் கேட்டவன் கதி என்ன என்று எல்லாருக்கும் தெரியும். வகுப்புத் தலைவி தாங் ரூயி மட்டும் எழுதி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கி, இன்னும் யார் எழுதவில்லை என்று ஒரு நோட்டம் விட்டாள். அது அவள் வேலை. யார் பேசினான், யார் தூங்கினாள், யார் மேசைக்கடியில் சூரியகாந்தி விதை கொறித்தாள் என்று பார்த்து டீச்சரிடம் சொல்வது. அதில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது, சந்தோஷம்தான்.

அந்தப் பாடத்துக்கு அத்தனை மவுசு ஏன் வந்தது என்றால், ஃபூ டீச்சர் பொதுப் பாடம் நடத்தப் போகிறார். ஜியாங்சி மலைப்பக்கத்தில் இருக்கும் இந்தச் சிங்தாங் ஊர்ப் பள்ளிக்கு, மாநகரத்திலிருந்து நடுவர்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். ஜெயித்தால் டீச்சருக்குப் பதவி உயர்வு. பொதுப் பாடம் என்றால் என்ன என்பது இங்கே படித்த எவனுக்கும் தெரியும். முன்னாலேயே நாலைந்து தடவை ஒத்திகை. எந்தக் கேள்விக்கு யார் எழுவது, எந்த இடத்தில் சிரிப்பது, எந்த இடத்தில் யோசிப்பது போல மோவாயில் கை வைப்பது, எல்லாம் தீர்மானமாகிவிடும். டீச்சர் கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்கியே ஆக வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. பின்னால் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு என்ன தெரியும்? அடேயப்பா, என்ன சுறுசுறுப்பான பிள்ளைகள் என்று தலையை ஆட்டுவார்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அரங்கத்து மேடையில் நாற்பது நாற்காலிதான் பிடிக்கும். பன்னிரண்டு பேரைக் கழித்துக்கட்ட வேண்டும். போன வருஷம் வரைக்கும் மதிப்பெண்ணில் கடைசியாக வந்தவர்களைச் சத்தமில்லாமல் எங்காவது அடைத்துவிடுவார்கள். இப்போது தரவரிசையை வெளியில் சொல்லக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஃபூ டீச்சருக்கு மூளை இல்லாமல் இல்லை.

"நான் யாரையும் வெளிய போன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "பாடமே தன்னாட்சியப் பத்தினது. அப்புறம் நானே முடிவு பண்ணா நல்லாவா இருக்கும்? நீங்களே ஓட்டுப் போடுங்க. வகுப்போட மானத்தக் காப்பாத்த யார் வராம இருந்தா நல்லதுன்னு ஆளுக்கு ஒரு பேரு சீட்டுல எழுதுங்க. ஒரு பேருதான். இது உங்க உரிமை."

பிள்ளைகள் முகத்தில் ஒரு பளபளப்பு வந்தது பாருங்கள், அதைப் பார்த்திருக்க வேண்டும். விழாவுக்கு இனிப்புக் கொடுத்தபோதுகூட அப்படி ஒரு பளபளப்பு வந்ததில்லை.

ரூயியின் பக்கத்து இருக்கை ஹெ சியாவ்மான். சின்ன உருவம், மெல்லிய குரல், ஆங்கிலம் சுமார். அப்பா அம்மா இரண்டு பேரும் தூரத்து டோங்குவான் நகரத்தில் ஷூ கம்பெனியில் வேலை. ரெண்டு புத்தாண்டாக ஊருக்கு வரவில்லை. விடுமுறையில் அங்கேயே இருந்து வேலை பார்த்தால் மூன்று மடங்கு கூலி, என்ன செய்வார்கள்? விடுமுறைக்குச் சியாவ்மான் சித்தப்பா வீட்டுக்குப் போவாள், அங்கே அவர் பிள்ளைகளுக்கே சோறு போதவில்லை. மற்ற நாளெல்லாம் விடுதி.

ஓட்டுச் சீட்டை மடித்துக்கொண்டே அவள் ரூயியின் காதில் கிசுகிசுத்தாள். "ஏய், என் பேர யாரும் எழுத மாட்டாங்கல்ல?"

"உன்ன யாருடி ஞாபகம் வச்சிருக்கப் போறா எழுதறதுக்கு?"

"அப்பாடா" என்றாள் சியாவ்மான். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. "பாடத்த நேரலையில காட்டுறாங்கல்ல, அம்மா பாக்குறேன்னு சொல்லியிருக்கா. கம்பெனிய விட்டுட்டு வந்து, பள்ளிக்கூடத்துப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்து என்கூடவே இருக்கலாமான்னு யோசிக்கிறா. அப்பாதான் வேணாங்கறார். ரெண்டு பேரும் பாடத்தப் பாத்துட்டு முடிவு பண்றாங்களாம்."

"அப்ப நல்லாப் பதில் சொல்லு."

"ஐயோ, அதில்லடி. போன்ல நான் எப்பவும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னுதான் சொல்றேன். வேற என்ன சொல்ல? மூஞ்சியப் பாத்தா அம்மாவுக்குத் தெரிஞ்சுடும். நடுவுல ஒரே ஒரு தடவ கேமராப் பக்கம் திரும்பிப் பாத்துடுவேன். அவ்வளவுதான். அப்புறம் அவளே வந்துடுவா."

இதைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ரூயிக்கு அந்தச் சிரிப்பு நன்றாக ஞாபகம் இருந்தது, பிற்பாடு.

ஓட்டு எண்ணும் வேலையும் தலைவிக்குத்தான். காவ் யாங் சீட்டைப் பிரித்துப் பேரை வாசிக்க, ரூயி கரும்பலகையில் பேர் எழுதி, ஓட்டுக்கு ஒரு கோடாக, 'நேர்மை' என்று அர்த்தமாகும் நம் சீன எழுத்தைக் கட்டிக்கொண்டு போனாள். அந்த எழுத்துக்கு ஐந்து கோடு. நம் ஊரில் எதை எண்ணினாலும் அப்படித்தான் எண்ணுவோம்.

ஐந்தாறு சீட்டு வழக்கமான மக்குகளுக்குப் போனது. அப்புறம் காவ் யாங் ஒரு சீட்டைப் பிரித்து, கண்ணை விரித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"தாங் ரூயி."

ரூயியின் கையில் சுண்ணாம்புக்கட்டி நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் தன் பேரைத் தானே பலகையில் எழுதி, ஒரு கோடு போட்டாள்.

"தாங் ரூயி." அடுத்த சீட்டு. "தாங் ரூயி. அட, இங்க பாருங்கப்பா, மறுபடியும் தாங் ரூயி! தலைவி, கை வலிக்குதா? நான் வேணா எழுதட்டுமா?"

இப்போது யாரும் சிரிப்பை அடக்கவில்லை. ரூயி கோடு போட்டாள். ஒரு நேர்மை முடிந்து அடுத்த நேர்மை. அவள் எத்தனை பேரைக் காட்டிக்கொடுத்தாளோ அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல எழுதியிருந்தார்கள். காது இரண்டும் தீயாய்ப் பற்றி எரிந்தது அவளுக்கு. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று பலகையையே பார்த்தபடி நின்றாள். முடிவில் வகுப்பிலேயே அதிக ஓட்டு அவளுக்குத்தான். சியாவ்மானுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை.

"வகுப்பு தன் விருப்பத்தச் சொல்லிடுச்சு" என்றார் ஃபூ டீச்சர். அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது.

அன்று மாலையே இடம் ஒதுக்கினார்கள். கழிக்கப்பட்ட பன்னிரண்டு பேருக்கும் பாடம் முடியும் வரைக்கும் வேதியியல் ஆய்வகம். சியாவ்மானுக்கு மூன்றாம் வரிசை, ஓர நாற்காலி. விடுதிக்குப் போன கையோடு தலையணை உறையைப் பிரித்து, பஞ்சுக்குள் ஒளித்து வைத்திருந்த போனை எடுத்தாள். பட்டன் போன், கிழவர்கள் வைத்திருப்பது. படமும் தெரியாது ஒன்றும் தெரியாது, பேச மட்டும் செய்யும். விடுதியில் போன் பிடிபட்டால் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, வீட்டுக்குச் சொல்லி, மூன்று நாள் வெளியே நிறுத்துவார்கள். தலைவிக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். இத்தனை நாளும் சொல்லாமல் இருந்தாள். அவள் செய்த ஒரே நல்ல காரியம் அது.

"அம்மா! மூணாவது வரிசை, ஓரத்துல. வலது பக்க ஓரம்! மறக்காத. ஆமா. ஆமாம்மா. திரும்பிப் பாப்பேன்."

ரூயி கீழ்க் கட்டிலில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காக்காய் குருவிகூடச் சீந்தாத இவளுக்கு நாற்காலி, எனக்கு வேதியியல் ஆய்வகமா? நான் பேர் எழுதிக் கொடுத்த பன்னாடைகளோடு ஒரே அறையில் பூட்டிக் கிடப்பதா? நாளைக்கு அதுகள் மூஞ்சியில் எப்படி முழிப்பது?

மறுநாள் ஃபூ டீச்சர் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக் குடுவையில் தேயிலை மிதந்துகொண்டிருந்தது. அதை ஊதி ஊதிக் குடித்தார்.

"கடைசி வாக்கியம் உன்னுதுதான். வேற எவளுக்கும் அந்த உச்சரிப்பு வராது. நீ இல்லாம நான் எப்படிப் பாடத்த முடிக்கிறது?"

"அப்ப ஓட்ட ரத்து பண்ணிடுங்க டீச்சர்."

"அதெப்படி? குடுத்த உரிமையப் பிடுங்கினா நாளைக்கு எவனாவது வெளிய சொல்லுவான். வேண்டாம். ஆனா யாராவது தானா முன்வந்து, மனசார உனக்கு இடத்த விட்டுக் குடுத்தா நான் யாரு தடுக்க?" ஒரு வாய் குடித்தார். "யாருன்னு நீயே பாத்துக்கோ. உன் முடிவு. நான் தலையிட மாட்டேன்."

நாற்காலி கிடைத்த மற்ற முப்பத்தொன்பது பேரில் முக்கால்வாசி அவளுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள். கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். ரூயி படியிறங்கும்போதே முடிவு பண்ணிவிட்டாள். யோசிக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் விடுதியில் வேறு யாரும் இல்லை. சியாவ்மான் மேல் கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து, மிளகாய் போட்ட அரிசிச் சேமியாவை டப்பாவோடு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ரூயி ஏணியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சியாவ்மான், உன் இடத்த எனக்குக் குடு."

சியாவ்மான் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. அப்புறம் ரூயியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேனேடி."

"கேமரா பின்னால இருக்கு. உன் முதுகுதான் தெரியப் போகுது. எல்லாரும் ஒரே சீருடை, எல்லார் முடியும் காதோட ஒட்ட வெட்டியிருக்கு. நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"நான் திரும்பிப் பாப்பேன்ல."

"நடுவர் முன்னாடி திரும்பிப் பாத்தா டீச்சர் உன்ன உயிரோட விடுவாங்களா?"

"பரவால்ல, திட்டட்டும்." அவள் குரல் இன்னும் சின்னதாகிவிட்டது. "ரூயி, வேற யாரையாவது கேளேன். தயவுசெஞ்சு. நீ எப்ப எது சொன்னாலும் நான் செஞ்சிருக்கேன்ல? உன் துணியெல்லாம் நான்தானே துவைக்கிறேன். இது ஒண்ணு மட்டும் வேணாமே."

ரூயி ஒன்றும் சொல்லவில்லை. மிரட்டவில்லை, கோபப்படவில்லை. சியாவ்மானின் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன்மேல் கையை வைத்து, உள்ளே கெட்டியாக இருந்த அந்த இடத்தை விரலால் மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். பூனைக்குட்டியைத் தடவுவது மாதிரி.

சியாவ்மான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேமியா ஆறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது.

"சரி" என்றாள். "விட்டுக் குடுக்கறேன்."

"நான் ஒண்ணுமே சொல்லலியே. நீயாத்தான் சொல்ற, ஆமாவா?"

"ஆமா. நானாத்தான்."

அன்று சாயங்காலம் சியாவ்மான் வகுப்பில் எழுந்து நின்று, வகுப்பின் மானத்துக்காகத் தன் இடத்தைத் தலைவிக்கு மனசார விட்டுக் கொடுப்பதாகச் சொன்னாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள். டீச்சர் ஞாபகப்படுத்தியதும் அதையும் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா? தன்னாட்சின்னா இதான்" என்றார் ஃபூ டீச்சர். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. மனுஷ ஜன்மம் எதையும் நம்பும், தனக்கு வசதியாக இருந்தால்.

"உங்க அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று அன்றிரவு ரூயி கேட்டாள்.

"என்னன்னு சொல்ல?" என்றாள் சியாவ்மான்.

பொதுப் பாடம் நடந்த சனிக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேரையும் ஆய்வகத்தில் விட்டுத் திரையை இழுத்து மூடி, வெளியே பூட்டுப் போட்டார்கள். சத்தம் வரக் கூடாது என்று காவலாளி ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். போகிற வழியில் காவ் யாங் ஆய்வகக் கதவைத் தட்டி, "உள்ள அமிலம் இருக்கு, தாகம் எடுத்தா குடிங்கப்பா" என்று கத்திவிட்டு வந்தான். மேடைக்குப் போய் உட்காரும் வரைக்கும் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ரூயியும் சிரித்தாள்.

மேடையில் பிள்ளைகள் அரங்கத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். எதிரே டீச்சர், டீச்சருக்குப் பின்னால் பெரிய திரை, அதில் பாடம். ஓரத்தில் இன்னொரு சின்னத் திரை, அதில் நேரலைப் படம். நேரலையைப் பார்க்கும் பெற்றோர் எழுதுவதெல்லாம் படத்துக்கு அடியில் வரிவரியாக ஓடும். பெற்றோருக்கு எத்தனை ஈடுபாடு என்று நடுவர்கள் பார்க்கட்டுமே என்று வைத்தது. டீச்சருக்கு அது முதுகுப் பக்கம். பிள்ளைகளுக்கு நேர் எதிரே.

பாடம் எண்ணெய் போட்டாற்போல ஓடியது. கேள்வி, நாற்பது கை, பதில். சிரிக்கிற இடத்தில் சிரிப்பு. சின்னத் திரையில் 'நல்ல பள்ளி', 'டீச்சருக்கு நன்றி' என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு வரி வந்தது.

'சியாவ்மானோட அம்மா பேசறேன். மூணாவது வரிசை ஓரத்துல என் பொண்ணு. அண்ணே, கேமராவக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க.'

கேமராக்காரர் நல்ல மனுஷர் போல. திருப்பினார். சின்னத் திரையில் ஒரு முதுகும், ஒட்ட வெட்டிய ஒரு தலையும் பெரிதாகத் தெரிந்தன. ரூயி தன் முதுகைத் தானே பார்த்தாள்.

'அதோ! அதுதான். ஐயோ, பின்னல எப்ப வெட்டினா? நல்லா வளந்துட்டா. அவங்க அப்பா பக்கத்துலதான் இருக்காரு. மெஷின நிறுத்திட்டுப் பாக்குறாரு.'

நாற்பது பேரும் அதைப் படித்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண் ரூயியை ஓரக் கண்ணால் பார்த்துவிட்டு, உடனே நேராகப் பார்த்தாள்.

'சியாவ்மான், கண்ணு, ஒரே ஒரு தடவ திரும்பிப் பாரு.'

ரூயியின் கழுத்து விறைத்தது. திரும்பினால் போதும். ஒரு நொடி. அந்த அம்மா பார்த்துவிடுவாள், இது என் பிள்ளை இல்லையே, என் பிள்ளை எங்கே என்று கேட்டு ஆர்ப்பாட்டம் பண்ணுவாள். திரும்பாவிட்டால் ஒன்றும் ஆகாது. பாடம் முடியும், கை தட்டுவார்கள்.

'திரும்பிப் பாருடா. பாப்பேன்னு சொன்னியே.'

ரூயி திரும்பவில்லை. எழுந்து நின்று தன் கடைசி வாக்கியத்தைச் சொன்னாள். ஆங்கிலத்தில், மணி அடித்தாற்போல: இளைஞர்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தாங்களே எஜமானர்களாக இருக்க வேண்டும். டீச்சர் அதை நம் மொழியிலும் ஒரு தடவை சொன்னார். அரங்கம் கை தட்டியது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அரங்கத்து முன்வரிசையில் இருந்த வழுக்கைத் தலை நடுவருக்கு என்ன தோன்றியதோ, ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார்.

"ரொம்ப நல்ல பாடம். ஒரே ஒரு கேள்வி. இந்த வாரம் நீங்களா, யாரும் சொல்லாம எடுத்த ஒரு முடிவு சொல்லுங்க. எதுவானாலும் சரி."

ஒத்திகையில் இல்லாத கேள்வி. பழக்கதோஷத்தில் நாற்பது கைகள் சரேலென்று எழுந்தன. நாற்பதும் இடது கை.

ஃபூ டீச்சரின் உதடு வெளுத்துவிட்டது. அந்தக் கைக்காட்டில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், எப்போதும் காப்பாற்றுகிறவளையே பார்த்தார். "ரூயி, நீ சொல்லு" என்று வெறும் உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை. நேரலையில் அந்தப் பேர் கேட்கவில்லை.

ரூயி எழுந்தாள். மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒன்றே ஒன்று இருந்தது. அது அவளுடையது அல்ல.

"எனக்குக் கிடைத்த ஓர் இடத்தை என் தோழிக்கு விட்டுக் கொடுத்தேன்" என்றாள் ஆங்கிலத்தில். "யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் செய்தேன்."

டீச்சர் அதை மொழிபெயர்த்தார். குரல் நடுங்கவே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வழுக்கைத் தலை நடுவர் எழுந்து நின்று கை தட்டினார். மேடையில் முதலில் ஒருத்தரும் தட்டவில்லை. காவ் யாங்தான் ஆரம்பித்தான், மெதுவாக, ஒவ்வொரு தட்டாக, ரூயியைப் பார்த்து இளித்துக்கொண்டே. அப்புறம் எல்லாரும் தட்டினார்கள்.

சின்னத் திரையில் ஓடியது: 'என் பொண்ணு மனசப் பாத்தீங்களா? அப்பா அழுறாரு.'

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை விட்டு வெயில் வந்திருந்தது. விடுதி மொட்டைமாடியில் துணி காயப்போட்டிருந்தார்கள். சியாவ்மான் ரூயியின் போர்வையைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மேடையில் நடந்தது எதையும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. வெட்கமோ பயமோ, யாருக்குத் தெரியும். ரூயி எதிர்ப்பக்கம் சுவரில் சாய்ந்து நின்றாள். சொல்ல வேண்டும் என்றுதான் மாடிக்கே வந்தாள். வாய் வரவில்லை.

சியாவ்மானின் சட்டைக்குள் போன் அதிர்ந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பழைய போன், சத்தம் ஊருக்கே கேட்கும்.

"என் ராசாத்தி!" என்றது போன். பின்னால் மெஷின்கள் இரைந்தன. "பாத்தோம்டி! முழுசும் பாத்தோம்! என்னமா எழுந்து நின்னு பேசற! யாரும் கேக்காமலே தோழிக்கு இடத்த விட்டுக் குடுத்தியாமே? உங்க அப்பா எல்லார்கிட்டயும் போனக் காட்டிக்கிட்டுத் திரியறாரு."

சியாவ்மான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ரூயியைப் பார்த்தாள். மெதுவாக, ஒவ்வொன்றாக, அவளுக்குப் புரிந்துகொண்டே வந்தது. அது முகத்தில் தெரிந்தது.

"திரும்பிப் பாருன்னு எத்தன தடவ எழுதினேன், ஏன்டி பாக்கல?"

"டீச்சர் திட்டுவாங்கம்மா."

"அதச் சொல்லு! அப்பாவும் அதான் சொன்னாரு. பாத்தியா, எவ்வளவு பொறுப்பு, நாம நெனச்ச மாதிரி அழுமூஞ்சி இல்ல இவ, அப்படின்னாரு."

"அம்மா" என்றாள் சியாவ்மான். "நீ எப்ப வர்ற?"

"அதான்டி சொல்ல வந்தேன். வந்துடலாம்னுதான் இருந்தேன், மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன். ஆனா இப்பப் பாத்தப்புறம் எதுக்கு? நீதான் தனியா நிக்கக் கத்துக்கிட்டியே. நான் வந்து சமைச்சுப் போட்டு என்ன ஆகப் போகுது? புத்தாண்டுக்கும் வேலைக்கு வர்றோம்னு ரெண்டு பேரும் சொல்லிட்டோம். உன்ன நான்சாங்ல பெரிய டியூஷன்ல சேக்கணும்ல? உனக்குச் சந்தோஷம்தானே?"

சியாவ்மான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அது நான் இல்லம்மா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும், மூன்றே சொல். ரூயி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சொல்லிவிடு, சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். கடவுளே சொல்லிவிடாதே என்றும் அதே மூச்சில் கெஞ்சினாள்.

"அப்பா கேக்குறாரு" என்றது போன். "அந்த இங்கிலீஷ இன்னொரு தடவ சொல்லிக் காட்டுடி. இங்க எல்லாரும் நிக்கிறாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கு."

சியாவ்மானுக்கு அந்த வாக்கியம் தெரியாது. அது சொல்லப்பட்டபோது அவள் பூட்டின அறையில் உட்கார்ந்து, திரையில் விழும் காவலாளியின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். போனை நீட்டி ரூயியின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"சொல்லு" என்றாள், சத்தமில்லாமல்.

ரூயி தலையை ஆட்டினாள்.

"சொல்லுடி."

ரூயி சொன்னாள். இளைஞர்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தாங்களே எஜமானர்களாக இருக்க வேண்டும். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்தப் பக்கம் பத்திருபது பேர் கை தட்டினார்கள். ஒரு ஆண் குரல் சிரிப்பும் அழுகையுமாக, "என் பொண்ணு! என் பொண்ணுய்யா!" என்று கத்தியது. அப்புறம் யாரோ அதட்ட, தொடர்பு அறுந்தது.

சியாவ்மான் போனை ரூயியின் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"நீயே வச்சுக்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூப்பிடுவாங்க. உன்னத்தான் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு."

"சியாவ்மான், நான் வேணும்னே..."

"தெரியும். நீயா ஒண்ணும் சொல்லல." பிழிந்த துணியில் மிச்சத்தையும் கொடியில் போட்டு முடித்துவிட்டுத்தான் கீழே போனாள்.

ஃபூ டீச்சருக்கு முதல் பரிசு கிடைத்தது. வகுப்புக்கு ஒரு பரிசுக் கொடி கொடுத்தார்கள். பலகைக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறது, போனால் பார்க்கலாம்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ரூயியின் தலையணைக்குள் அந்தப் போன் அதிர ஆரம்பித்தது. அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். மேல் கட்டிலில் சியாவ்மான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ரூயி ஏணியில் ஏறிப் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். அது நின்றது, மறுபடி அதிர்ந்தது.

"சியாவ்மான்" என்றாள். "உங்க அம்மாடி. ஒரே ஒரு தடவ திரும்பிப் பாரேன்."

சியாவ்மான் திரும்பவில்லை.